கம்பவுண்டரம்மா வாங்கிய பத்தொன்பது மார்க்

கம்பவுண்டரம்மாவை நான் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு மூன்று வாசகிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே சொல்ல வைத்தேன்? அவராகச் சொன்னார். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் பழைய மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்துவிட்டு, ஃபோனில் மகளிடம் "விசேஷம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னாரே போன வாரம், அதைத்தான் சொல்கிறீர்கள். அதற்கே இவ்வளவு கோபம் என்றால், இந்த வாரம் அவர் செய்யப்போவதைப் படித்துவிட்டு என்னை என்ன செய்வீர்களோ தெரியவில்லை.

இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக இரண்டு வரி. கம்பவுண்டரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரே ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவர் போய்ச் சேர்ந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் கவுண்டரையே மூடிவிட்டார்கள். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான். மகள், நாம் மூத்தவள் என்று சொல்கிறோமே அவள், ஒரு கல்லூரியில் புது மாணவர்களுக்கு எந்தப் படிப்பு, எந்த வகுப்பு என்று வழி சொல்லும் ஆலோசகர். அம்மா வீட்டிலிருந்து அவள் அறைக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஆனாலும் ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம்தான் வருவாள்.

தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று கம்பவுண்டரம்மாவைக் கேட்டால் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். போன மாதம் யாரோ ஒருவர் டயர் கடை என்று நினைத்துத் தவறான எண்ணுக்கு அடித்துவிட்டார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்கலாம். இவர், "என்ன சைஸ் வேணும்?" என்று கேட்டார். நாலு நிமிஷம் பேசினார்கள். வைத்த பிறகு அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இப்போது கதைக்கு வருவோம். இன்று கல்லூரியில், கம்பவுண்டரம்மா மாதிரி புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் திறன் மதிப்பீட்டு நாள்.

காலை எட்டரை மணிக்கெல்லாம் கம்பவுண்டரம்மா கல்லூரி வாசலில் நின்றார். கையில் இரண்டு பென்சில், ஒரு ரப்பர். மூக்கில் ஒரு கண்ணாடி, அதற்கு மேலே இன்னொரு கண்ணாடி. கூட வந்த மாணவர்களில் பாதிப் பேர் அவர் மகனைவிடச் சின்னவர்கள். ஒரு பெண், பரீட்சை மேற்பார்வைக்கு வந்திருப்பவர் என்று நினைத்து அவருக்கு வணக்கம் சொன்னாள். இவரும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, அவள் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாள், காலையில் சாப்பிட்டாளா என்று விசாரித்தார். தானும் மாணவிதான் என்று மட்டும் சொல்லவில்லை.

கூடத்தில் ஐம்பது மேஜை. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பகுதி. இது பாஸ், ஃபெயில் சமாச்சாரம் இல்லை, யாருக்கு எங்கே உதவி வேண்டும் என்று பார்க்கத்தான் என்று கண்காணிப்பாளர் அறிவித்தார். எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டியது கம்பவுண்டரம்மாதான். அந்த விஷயம் அவருக்கு மனப்பாடம். கல்லூரி அனுப்பிய கையேட்டை ஒரு மாதமாக மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிப் படித்திருந்தார்.

கையேடு சொன்னது இதுதான். நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள் தொலைநிலைப் பிரிவு. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பாடம் படிக்கலாம், மாதம் ஒரு நாள் வந்தால் போதும், தினமும் வருகிற சிரமம் இல்லை. நாற்பதுக்குக் கீழே வாங்குகிறவர்கள் அடிப்படை வகுப்பு. ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாளும் பத்து மணி முதல் ஒரு மணி வரை வர வேண்டும். பன்னிரண்டு பேர், ஒரே நீள மேஜை.

'வருகிற சிரமம் இல்லை' என்ற வரியை எழுதியவள் யார் தெரியுமா? மூத்தவளேதான். போன வருஷம் ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்தக் கையேட்டைத் தயாரித்தாள். ஜனங்களுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதினாள், பாவம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிற பாக்கியம் யாருக்கு வேண்டும்? ஐந்து நாள், பன்னிரண்டு பேர், ஒரு மேஜை. கம்பவுண்டரம்மா பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு, தெரிந்த விடைகளை ஒவ்வொன்றாகத் தப்பாக எழுத ஆரம்பித்தார்.

ஆமாம், தப்பாக. நான்தான் முதலிலேயே சொன்னேனே.

பக்கத்து மேஜையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் குத்தியிருந்தது. வாசிப்புப் பகுதியில் ஒவ்வொரு வரியின் கீழேயும் விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பாதி வழியில் விரல் நின்றுவிடும், மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போகும். கம்பவுண்டரம்மாவுக்கு அந்த விரலைப் பிடித்து நகர்த்திவிட வேண்டும் போல இருந்தது. கண்காணிப்பாளர் பார்த்ததால் தன் தாளுக்குத் திரும்பிவிட்டார்.

பதினொரு மணிக்குத் தாளை வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். அந்த மனிதர் தானாகவே இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் மெக்கானிக்காம். பதினெட்டு வருஷமாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் தொழில். இப்போது புது மெஷின்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் தலையணை சைஸில் புத்தகம், படிக்கத் தெரியாதவன் கையை வைக்கக் கூடாது என்கிறார்களாம். படிக்க வராதது வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இவரிடம் எப்படி வாய் விட்டுச் சொன்னாரோ, அவருக்கே தெரியவில்லை.

கம்பவுண்டரம்மா பதிலுக்கு ஆஸ்பத்திரிக் கதைகளை எடுத்துவிட்டார். டாக்டர்களின் கையெழுத்து, கசப்பு மருந்தைத் துப்பின குழந்தைகள், ஒரே நாளில் மூன்று தடவை வந்து அதே மாத்திரையைக் கேட்ட ஒரு கிழவர். இருபது நிமிஷம் விடாமல் பேசினார். தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, இப்படிப் பேசி அவ்வளவு நாளாயிற்று.

"கண்டிப்பா எனக்கு அடிப்படை வகுப்புதாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"எனக்கும் அதுதான்" என்றார் கம்பவுண்டரம்மா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூட அவர் மனசுக்குள் முடிவு செய்தாகிவிட்டது.

அங்கே இப்படி இருக்க, மாடியில் மூத்தவளுடைய அறைக்குத் திருத்திய தாள்கள் வந்து சேர்ந்தன. முதல் பார்வைக்குத் தாளில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் ஃபைலின் உள் அட்டையில். ஆளைப் பார்த்து வழி சொல்லக் கூடாது, தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

நாற்பத்தேழாம் எண். மொத்தம் பத்தொன்பது. எழுதியவர்களில் கடைசியிலிருந்து இரண்டாவது. மூத்தவள் பரிதாபப்பட்டுக்கொண்டே கணக்குத் தாளைப் புரட்டினாள். கூட்டல் தப்பு. கழித்தல் தப்பு. நூற்றில் பாதி எவ்வளவு என்றால் முப்பது என்று எழுதியிருந்தது. இந்த மனிதர் எப்படிக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார் என்று நினைத்தபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி. கூடத்திலேயே வேறு யாரும் சரியாகப் போடாத மூன்று. குழந்தையின் எடை பன்னிரண்டு கிலோ, கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து, ஐந்து மில்லி திரவத்தில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது என்றால் எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? ஏழரை மில்லி என்று அழகாகப் படிப்படியாகப் போட்டு, விடையின் கீழே கோடு இழுத்து, பக்கத்தில் இரண்டு டிக். மற்ற இரண்டு மருந்துக் கணக்கும் அப்படியே. சரி, இரண்டு டிக்.

போட்டதும் ஒரு டிக், மறுபடி சரி பார்த்ததும் இன்னொரு டிக். மருந்து கலக்குகிறவர்கள் பழக்கம் அது. மூத்தவள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த டிக். அவளுடைய பள்ளிக்கூட டைம்டேபிளில், வீட்டுச் சாமான் லிஸ்டில், அப்பாவின் மாத்திரைச் சீட்டில் எல்லாம் அந்த இரண்டு டிக் இருக்கும். தப்பாக எழுதிய விடைகளுக்குப் பக்கத்தில் ஒரு டிக் கூட இல்லை. தப்புக்கு டிக் போட அந்தக் கை ஒப்புக்கொள்ளவில்லை.

உள் அட்டையைத் திறந்தாள். அம்மாவின் பெயர்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் ஃபைல் கையில் வந்தால் அந்த நிமிஷமே தலைமை ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேருகிற ஆலோசகர்களுக்கெல்லாம் இதை வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுப்பவளே மூத்தவள்தான். ஊருக்குத்தானடி உபதேசம் என்பார்களே, அந்தக் கதையாக, அவள் ஃபைலை மூடி மற்ற ஃபைல்களுக்கு அடியில் சொருகினாள்.

பிறகு தம்பிக்கு ஃபோன் செய்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினேனே என்றான் இளையவன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீதானே பக்கத்தில் இருக்கிறாய், உனக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டான். இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தார்கள் என்பது அந்த ஃபோனில்தான் இருவருக்கும் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள இருவருக்கும் வெட்கமாக இருந்தது. மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

நாற்பதுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மணிக்கு அவளிடம் ஆலோசனை ஆரம்பித்தது. நாற்பத்தேழாம் எண்ணை மூத்தவள் கடைசியில்தான் கூப்பிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த கம்பவுண்டரம்மாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். ஆனால் மகளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, அதை மூத்தவள் கவனித்திருக்க வேண்டும். அவள் இருந்த நிலையில் கவனிக்கவில்லை.

"உட்காருங்க" என்றாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றார் அம்மா.

என்ன கேட்பதென்று மகளுக்குத் தெரியவில்லை. எதிரே படிவம் இருந்தது. ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்விகள். படிவத்தைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் படிப்பு என்று கேட்டாள். மருத்துவமனைப் பதிவேடுகள் பராமரிப்பது பற்றிய படிப்பு என்று பதில் வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா? மகன் விட்டுப்போனது ஒன்று உண்டு. தினம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? எத்தனை வேண்டுமானாலும்.

"வீட்ல படிப்புக்கு உதவி பண்ண யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"சந்தேகம் வந்தா கேட்க, கூடப் பேச?"

"யாரும் இல்ல."

எழுதிக்கொள்ள வேண்டிய கட்டம் அது. மூத்தவள் எழுதினாள். பேனா இரண்டு தடவை நின்றது. அம்மா குறை சொல்லவில்லை, குத்திக்காட்டவில்லை, கேட்ட கேள்விக்குக் கேட்ட பதில். அதுதான் அவளைக் கொன்றது.

பேனாவை வைத்துவிட்டாள். "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"எப்படி?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காத. நூத்துல பாதி முப்பதா? மருந்துக் கணக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?"

கம்பவுண்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "அதையும் தப்பாத்தான் எழுதப் பார்த்தேன். எழுபத்தஞ்சு மில்லின்னு எழுதிட்டேன்கூட. அப்புறம் அந்தக் குழந்தை அதைக் குடிச்சா என்ன ஆகும்னு தோணிச்சு. அழிச்சிட்டேன்."

அம்மா மெதுவாகச் சொன்னார். வீட்டிலிருந்தே படிக்கச் சொல்லிவிடுவீர்கள் என்று பயம். எட்டு மாதமாக வீட்டில்தானே இருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் காது அடைத்துக்கொண்டதோ என்று இருக்கிறது. பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்தால் போதும், ஒரு வருஷம் என்ன, இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. இந்த வயதில் எனக்கு எந்த ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது?

பேசாமல் அந்த ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. அடிப்படை வகுப்பு, பன்னிரண்டில் ஒருவர். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் பட்டியல் எதிரே கிடந்தது. நாற்பதுக்குக் கீழே வாங்கியவர்கள் பதிமூன்று பேர். இடம் பன்னிரண்டு. குறைந்த மார்க் வாங்கியவருக்குத்தான் முதலில் இடம், அதிக உதவி தேவைப்படுகிறவர் அவர்தானே. முப்பத்துநாலு மார்க் வாங்கிய ஒருவர் பதிமூன்றாவதாக வெளியே நின்றார். அவர் அடுத்த வருஷம் வரலாம். வந்தால்.

கம்பவுண்டரம்மா முப்பத்தெட்டு வாங்கியிருந்தால்கூட வெளியே நிற்பவர் அவராகவே இருந்திருப்பார், யாருக்கும் கெடுதல் இல்லை. மருந்துக்கு அளவு தெரிந்தவருக்குத் தப்புக்கு அளவு தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை, கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டார்.

மூத்தவள் அதைச் சொன்னாள். யார் என்று சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது, ஆனால் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

கம்பவுண்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "டெஸ்டர் வச்சிருக்கவரா?"

மூத்தவள் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். ஆலோசகர் வேலையில் அவளுக்கு எல்லாம் வரும், முகத்தை மறைத்துக்கொள்ள மட்டும் வராது.

கீழே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா இரண்டு மூக்குக் கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். கவுண்டரில் ஒரு தடவை சீட்டு மாறிப்போய் ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தெருவில் ஓடி ஓடி அந்த ஆளைத் தேடிப் பிடித்து வாங்கியவர் அவர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று வீட்டில் சொல்வார்.

"வேற தாள் ஒண்ணு குடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி. மூத்தவள் தலைமை ஆலோசகரிடம் போனாள். மறுமதிப்பீட்டுப் படிவத்தில், 'மாணவர் உங்கள் உறவினரா' என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் படிவத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைல் உங்களிடம் வந்தது பன்னிரண்டு மணிக்கு, இப்போது மணி மூன்றாகப் போகிறது என்றார். அதைப் பற்றி ஐந்து மணிக்குத் தன் அறையில் பேசலாம் என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வேறொரு ஆலோசகர் காவல் இருக்க, ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து கம்பவுண்டரம்மா எழுதினார். ஒன்றரை மணி நேரத் தாளை ஐம்பது நிமிஷத்தில் முடித்தார். தொண்ணூற்றேழு. எழுத்துப் பகுதியில் மூன்று மார்க் போனது, என்னைக் கேட்டால் அதுவும் திருத்தியவர் தப்பு.

தொலைநிலைப் பிரிவு. வீட்டிலிருந்தே படிக்கலாம்.

நாலே முக்காலுக்கு மூத்தவள் அம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். அங்கே லிஃப்ட்காரர் நின்று ஃபோனில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்துவிட்டது, கடைசி ஆளாகக் கிடைத்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர்களைப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டு ஓடி வந்தார். நீங்களும் நம்ம வகுப்புதானே என்று கம்பவுண்டரம்மாவைக் கேட்டார்.

"இல்லைங்க. என்னை வீட்லயே படிக்கலாம்னுட்டாங்க."

"குடுத்து வச்சவங்க" என்றார் அவர், மனசாரச் சொன்னார். பிறகு மூத்தவளைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டு, கம்பவுண்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். அடிப்படை வகுப்பில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் வாரா வாரம் புதன்கிழமை இந்த மேடத்தோடு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டுமாம். வருஷம் முழுக்க. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம், இப்போதுதான் ஒருவர் படித்துச் சொன்னார். மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

"அதுக்கெல்லாம் பயப்படாதீங்க" என்றார் கம்பவுண்டரம்மா. "நல்லா காது குடுத்துக் கேட்பா. என் பொண்ணுதான்."

லிஃப்ட்காரர் வாயைப் பிளந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். அறைக்குள் வந்தபோது அம்மா ஏன் ஆச்சரியப்படவில்லை என்பது இப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது. இந்த ஊரில் எத்தனையோ கல்லூரி இருக்கிறது.

"கடைசிப் பக்கம் படிச்சியாம்மா?"

"அதைத்தான் முதல்ல படிச்சேன்" என்றார் அம்மா. "பன்னண்டு பேர் இருந்தா நல்லதுதான். இல்லேங்கல. ஆனா நான் புதன்கிழமைக்காகத்தான் சேர்ந்தேன்."

சொந்தக்காரர் விதி இருக்கிறது, பத்தொன்பது மார்க்கோடு உள்ளே வந்திருந்தாலும் அந்தப் புதன்கிழமை வேறொரு ஆலோசகரிடம்தான் போயிருக்கும், அம்மா போட்ட கணக்கு அடியோடு தப்பு. மூத்தவளுக்கு அது தெரியும். அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். "நானே வீட்டுக்கு வந்திருப்பேனே."

"சொன்னேனே. ஒவ்வொரு தடவை ஃபோன் பண்ணும்போதும் சொன்னேன்." கம்பவுண்டரம்மாவுக்குக் கோபம் இல்லை. கவுண்டரில் நின்று மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே நிதானம். "நீயும் ஒவ்வொரு தடவையும் வரேன்னுதான் சொன்ன. வரமாட்டேன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் வேற வழி பார்த்திருப்பேன்."

பஸ் வந்து நின்றது. அம்மா ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் பையை வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். மணி ஐந்தாக இரண்டு நிமிஷம். கல்லூரிப் படியில் அலுவலக உதவியாளர் நின்றுகொண்டு, தலைமை ஆலோசகர் கூப்பிடுகிறார் என்று கையைக் காட்டினார்.

"வரேன்" என்று சொல்ல மூத்தவள் வாயைத் திறந்தாள். அம்மாவிடம் சொல்ல இருந்தாளோ, உதவியாளரிடம் சொல்ல இருந்தாளோ, ஒவ்வொரு தடவையும் ஃபோனில் சொன்ன அந்த வார்த்தை இப்போது அவளுக்கு வரவில்லை.